கடல் கடந்தாலும் கடன் தீராது

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கடன் வைத்துவிட்டு வெளிநாடு செல்பவர்களைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை விளக்க இங்கே ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் நீதிமன்றத்தில் கண்டவற்றையும் சட்டப் புத்தகத்தில் உள்ளவற்றையும் மட்டுமே சொல்லக் கடமைப்பட்டவன்.

நமது குமரி மாவட்டத்தில் கோட்டாறு முதல் தேங்காய்ப்பட்டணம் வரை வளைகுடா நாடுகளோடு தொடர்பில்லாத தெரு இல்லை எனலாம். விசாவுக்குக் கடன், வீடு கட்டக் கடன், சகோதரியின் திருமணத்துக்குக் கடன் என்று ஏதோ ஒரு சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் நம் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார்கள். கடனோடு செல்வது குற்றமன்று. ஆனால் விமானம் ஏறிவிட்டால் கடன் பின்னால் நின்றுவிடும் என்று எண்ணுவது பெரும் பிழை. அந்தப் பிழையின் விலையைப் பெரும்பாலும் சென்றவர் கொடுப்பதில்லை. இங்கே இருப்பவர்களே கொடுக்கிறார்கள்.

பிரிக்கப்படாத உறைகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் பதினோரு தபால் உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "தம்பி, இதெல்லாம் மருமகனுக்கு உள்ளது. என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவன் லீவில் வரும்போது கொடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது அமீனா வந்து வீட்டுக் கதவில் ஏதோ ஒட்டிவிட்டுப் போகிறார்" என்றார்.

உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதல் நான்கு வங்கியின் நினைவூட்டல்கள். ஐந்தாவது வழக்கறிஞர் அறிவிப்பு. அதன் பிறகு நீதிமன்றச் சம்மன். சகோதரியின் மகன் கடை வைப்பதற்காகக் கடன் வாங்கியபோது பெரியவர் ஜாமீன் கையெழுத்திட்டிருந்தார். கடை நொடித்தது. மருமகன் சவூதிக்குச் சென்றார். முதல் ஆண்டு தவணை செலுத்தினார். வேலை மாறியதும் நிறுத்தினார். வழக்கில் எவரும் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, மகளுக்கென்று பெரியவர் வாங்கி வைத்திருந்த எட்டு சென்ட் மனை ஜப்தியாகியிருந்தது.

அவர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. "கடன் வாங்கியவன் அவன், பணத்தைக் கையால் தொட்டவன் அவன். என் மகளுடைய மண்ணை எப்படி எடுப்பார்கள்?" இக்கேள்விக்கான விடையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜாமீன் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்தன்று

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஜாமீன்தாரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று கூறுகிறது. முதலில் கடனாளியைத் தேடிப் பிடித்து, அவரிடம் ஒன்றும் பெயரவில்லை என்றான பிறகுதான் ஜாமீன்தாரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. பாங்க் ஆஃப் பிகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கடனாளி கடலுக்கு அப்பால் இருக்கும்போது, எட்டும் தூரத்தில் இருக்கும் ஜாமீன்தாரிடம் வங்கி முதலில் வருவது இயல்புதானே?

ஜாமீன்தாருக்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், உண்டு. கடனைச் செலுத்திய ஜாமீன்தார் வங்கிக்கு இருந்த உரிமைகள் அனைத்தையும் தானே பெறுகிறார் என்று 140ஆவது பிரிவும், செலுத்திய தொகையைக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெறலாம் என்று 145ஆவது பிரிவும் கூறுகின்றன. ஆனால் மாமன் மருமகன் மீது வழக்குத் தொடுப்பதென்றால், அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் எஞ்சுவது என்ன என்பதை உங்கள் சிந்தனைக்கு விடுகிறேன்.

வீட்டையோ மனையையோ ஈடாக வைத்து வங்கியில் கடன் பெற்றிருந்தால் வழி இன்னும் குறுகியது. 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சர்ஃபேசி சட்டத்தின்படி, தவணை தவறி வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டதும், வங்கி உரிமையியல் வழக்கே தொடராமல் 60 நாள் அறிவிப்புக் கொடுத்து ஈடுவைத்த சொத்தைக் கையகப்படுத்தலாம். அந்த அறிவிப்புக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு; வங்கி அதற்கு 15 நாளில் பதில் கூற வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால், 45 நாட்களுக்குள் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்துக்கும், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும் இச்சட்டம் பொருந்தாது. இவ்வளவு வாயில்கள் திறந்திருந்தும், உறையைப் பிரிக்காதவருக்கு எல்லாம் மூடிய வாயில்களே.

காலம் கடந்தால் கடன் கழியுமா?

"மூன்று வருடம் ஊர்ப்பக்கம் வராமல் இருந்துவிட்டால் புரோநோட்டு செல்லாது" என்ற பேச்சை நம் தெருத் திண்ணைகளில் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுக் காலவரம்பு என்பது உண்மையே. ஆனால் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவைப் பலர் அறிவதில்லை. பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது அதன் பொருள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒருவர் 2012 ஜனவரியில் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே ஆண்டு ஜூலையில் துபாய் செல்கிறார். பத்தாண்டு கழித்து 2022 ஜூலையில் திரும்புகிறார். காலவரம்பில் ஓடியிருப்பது முதல் ஆறு மாதமும், இடையே லீவில் வந்து தங்கிய நாட்களும் மட்டுமே. மீதிக் காலம் கடன் கொடுத்தவர் கையில் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டில் கழித்த காலம் கடனை அழிப்பதில்லை. உறங்க வைக்கிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பாகிவிட்டால் அதை நிறைவேற்றக் கோரும் காலவரம்பு 12 ஆண்டுகள். அது வரைக்கும் அந்தத் தீர்ப்பு குடும்பச் சொத்தின் மீது நிழலாக நிற்கும்.

புறப்படும் முன்பே தடுக்க முடியுமா?

கடன் கொடுத்தவர் "போலீசில் சொல்லி விமானத்திலிருந்து இறக்கிவிடுவேன்" என்று மிரட்டுவதுண்டு. வெறும் கொடுக்கல் வாங்கலில் பணத்தை வசூலித்துத் தரும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது. ஆனால் நீதிமன்றத்துக்கு ஓர் அதிகாரம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38ஆவது கட்டளையின்படி, வழக்கு நிலுவையில் இருக்கும்போது, கடனைத் தாமதப்படுத்தும் நோக்கத்தோடு பிரதிவாதி நாட்டை விட்டு வெளியேறப் போகிறார் என்று நீதிமன்றம் பிரமாண வாக்குமூலத்தின் மூலம் திருப்தியடைந்தால், அவரை அழைத்துவரப் பிடியாணை பிறப்பித்து, பிணை கொடுக்கச் சொல்லலாம். சொத்தை விற்றுவிட்டுச் செல்ல முயன்றால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யலாம். ஆகவே வழக்கு நடக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் புறப்படுவதைவிட, வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டுச் செல்வதே பாதுகாப்பு.

விமான நிலையங்களில் நிறுத்தி வைக்கும் தேடுதல் சுற்றறிக்கை பற்றியும் பலர் கேட்கிறார்கள். அந்தச் சுற்றறிக்கையைக் கோரும் அதிகாரம் 2018இல் பொதுத்துறை வங்கிகளின் தலைவர்களுக்கும் வழங்கப்பட்டது. 2024 ஏப்ரல் மாதம் மும்பை உயர் நீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லாது என்று தீர்ப்பளித்தது; நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் பிறப்பிக்கும் தடைகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. விஜய் மல்லையா 2016 மார்ச் மாதம் நாட்டை விட்டுச் சென்ற பிறகு, 2018இல் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம் வந்தது. அது 100 கோடி ரூபாய்க்குக் குறையாத குற்றங்களுக்கு மட்டுமே உரியது. நம்மவர்களின் மூன்று லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் அச்சட்டத்தைக் காட்டி யாரேனும் அச்சுறுத்தினால் நம்பாதீர்கள்.

காசோலை விவகாரம் வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி, பணமின்றித் திரும்பிய காசோலை குற்றவியல் வழக்காகும். வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அறிவிப்பு, அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் செலுத்த வாய்ப்பு, தவறினால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் ஆஜராகாவிட்டால் பிடியாணை வரும். அதன் பிறகும் வராவிட்டால் தலைமறைவானவர் என்று அறிவிக்கப்பட்டுச் சொத்தும் முடக்கப்படலாம். குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தால், 1967ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி பாஸ்போர்ட்டையும் மறுக்கலாம். வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் புதியது வாங்க முடியும். வெறும் உரிமையியல் கடனுக்காகப் பாஸ்போர்ட் மறுக்கப்படுவதில்லை. எனவே தொகை நிரப்பாத காசோலையிலும், வெற்றுப் பத்திரத்திலும், எழுதாத புரோநோட்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வெற்றுத் தாளில் இட்ட கையெழுத்து, அதை நிரப்பும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

அங்கே வாங்கிய கடன் இங்கே வருமா?

இது வரை இங்கே கடன் வைத்து அங்கே செல்பவர்களைப் பற்றிப் பேசினோம். அங்கே கடன் வைத்து இங்கே திரும்புபவர்களும் நம்மில் உண்டு. வேலை போய், கிரெடிட் கார்டிலும் வங்கிக் கடனிலும் பாக்கி வைத்து ஊர் வந்தவர்கள், "இனி அந்த நாட்டுக்குப் போனால்தானே" என்று தங்களைத் தேற்றிக்கொள்வார்கள். 2020 ஜனவரிக்குப் பிறகு அந்தத் தேறுதலுக்கு இடமில்லை.

அந்த மாதம் மத்திய சட்ட அமைச்சகம், ஐக்கிய அரபு அமீரகத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின் கீழ் பரஸ்பர நாடாக அறிவித்தது. இரு நாடுகளுக்கும் இடையே 1999இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் தொடர்ச்சி இது. இதன் விளைவு என்ன? துபாய், அபுதாபி உள்ளிட்ட நீதிமன்றங்கள் வழங்கும் பணத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அது அந்த நீதிமன்றமே வழங்கிய தீர்ப்பைப் போல நிறைவேற்றப்படலாம். மறுபடியும் வழக்கு நடத்தத் தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியா நாடுகளின் தீர்ப்புகளுக்கும் இதே நிலைதான். அவ்வாறு அறிவிக்கப்படாத நாட்டின் தீர்ப்பு எனில், அதை அடிப்படையாக வைத்து இங்கே புதிய வழக்குத் தொடுக்க வேண்டும். வழி நீளும், ஆனால் வழி இல்லாமல் போவதில்லை.

இத்தகைய தீர்ப்பை எதிர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. 13ஆவது பிரிவின்படி, அதிகார வரம்பற்ற நீதிமன்றம் வழங்கியது, மோசடியால் பெறப்பட்டது, இயற்கை நீதிக்கு மாறானது, வழக்கின் தகுதியை ஆராயாமல் வழங்கப்பட்டது என்று காட்ட முடிந்தால் அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. பிரதிவாதி வரவில்லை என்பதற்காக மட்டும், சான்றுகளை ஆராயாமல் வழங்கிய தீர்ப்பைத் தகுதி அடிப்படையிலான தீர்ப்பாகக் கொள்ள முடியாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் இதை எடுத்துரைக்கவும் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும்.

அமீரகத்தில் 2022 ஜனவரி முதல், பணமின்றித் திரும்பும் காசோலை பெரும்பாலான நேர்வுகளில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. இதைக் கேட்டுப் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அதே சட்டத் திருத்தம், திரும்பிய காசோலையை நேரடியாக நிறைவேற்றக்கூடிய ஆவணமாகவும் ஆக்கிவிட்டது. மோசடி நோக்கத்தோடு கொடுக்கப்பட்ட காசோலைக்குத் தண்டனை இன்றும் உண்டு.

நமது அண்டை மாநிலத்தில் நடந்ததையும் கூற வேண்டும். குவைத்திலுள்ள கல்ஃப் பாங்க், கேரளத்தைச் சேர்ந்த சுமார் 1,400 பேர் ஏறத்தாழ 700 கோடி ரூபாய் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தாமல் நாட்டை விட்டுச் சென்றுவிட்டார்கள் என்று கேரளக் காவல்துறையிடம் புகார் செய்த செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று. அவர்களில் பலர் செவிலியர். பின்னர் மேற்கத்திய நாடுகளுக்கு வேலை மாறிச் சென்றவர்கள் என்று கூறப்பட்டது. சிலர் மீது எர்ணாகுளம், கோட்டயம் பகுதிகளில் மோசடி வழக்குகள் பதிவாயின. குவைத்தில் வாங்கிய கடனுக்குக் கேரளத்தில் எப்படி வழக்கு என்று கேட்கலாம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இங்கே செய்ததாகவே கருதி நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீதிமன்ற விசாரணைக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். பழைய சட்டத்தில் 188ஆவது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 208ஆவது பிரிவாக உள்ளது.

இயலாதவரும் ஏமாற்றியவரும் ஒன்றல்லர்

அன்பர்களே, இது வரை நான் கூறியவை அச்சமூட்டியிருக்கலாம். இனிச் சொல்வதையும் அதே கவனத்தோடு கேளுங்கள்.

கடனைத் திருப்பித் தர இயலாமல் போவது குற்றமன்று. வாங்கும்போதே கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. உச்ச நீதிமன்றம் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பின்னால் வேலை போனது, கடை எரிந்தது, நோய் வந்தது என்பவை மோசடி ஆகா.

1980ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு, கடன்பட்ட ஏழைக்கு ஒரு கேடயம். பணம் கொடுக்க வசதியிருந்தும் கொடுக்க மறுக்கும் தீய நோக்கம் நிரூபிக்கப்பட்டாலன்றி, வெறும் வறுமைக்காக ஒருவரை உரிமையியல் சிறையில் அடைக்க முடியாது என்பது அதன் சாரம். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும், தொழிலாளியின் கருவிகளும், சமையல் பாத்திரங்களும், உடுதுணிகளும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை.

வசூலிக்க வருபவர்களுக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைத்துத் தொல்லை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவது 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதற்காக, ஜாமீன் கையெழுத்திடாத உம்மாவையோ மனைவியையோ வழிமறித்துப் பணம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.

கடன்பட்டவர் இறந்துவிட்டால்? வாரிசுகள் தமக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவர் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. சொத்தைப் பங்கிடுவதற்கு முன் கடனை அடைக்க வேண்டும் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனங்களில் நமக்கு முன்பே விதிக்கப்பட்டதுதான். இவ்விடத்தில் நாட்டின் சட்டமும் நமது மார்க்கமும் கைகோத்து நிற்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காலவரம்பு கடந்த கடனை நீதிமன்றம் கைவிட்டுவிடும். மறுமையின் ஏட்டில் காலவரம்பு இல்லை. கடன் வைத்து இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததையும் நாம் அனைவரும் அறிவோம்.

என்ன செய்ய வேண்டும்?

பயணத்துக்கு முன், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை எழுதி, இரு சாட்சிகளோடு வீட்டில் ஒரு பிரதி வைத்துவிட்டுச் செல்லுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நினைவில் கொள்ளுங்கள். வங்கிக்கும் கடன் கொடுத்தவருக்கும் வெளிநாட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுத்து மூலம் கொடுங்கள். முகவரி கொடுத்தவரை எவரும் ஓடிப்போனவர் என்று எளிதில் சொல்ல முடியாது.

வழக்கு வருமென்று தோன்றினால், நம்பிக்கைக்குரிய ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்துச் செல்லுங்கள். சென்ற பிறகு கொடுப்பதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

தவணை செலுத்த முடியாத மாதத்திலேயே வங்கிக்கு எழுதுங்கள். தவணையைக் குறைக்கவும், காலத்தை நீட்டிக்கவும், ஒரே முறையில் தீர்க்கவும் வங்கிகளிடம் திட்டங்கள் உண்டு. கேட்பவருக்கே அவை கிடைக்கும். கடன் பத்திரத்தில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்பதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்மையான கடன் என்றால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வரும் உறையைப் பிரியுங்கள், வாங்க மறுக்காதீர்கள். வாங்க மறுத்த சம்மனும் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கோர 30 நாட்களே அவகாசம். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாட்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை.

அந்தப் பெரியவரின் வழக்கு அவ்வாறே முடிந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கோரி மனுச் செய்தோம். மருமகனோடு தொலைபேசியில் பேசினேன். மாமாவின் மனை ஜப்தியானதே அவருக்குத் தெரியாது. அடுத்த மாதமே லீவு எடுத்து வந்தார். மக்கள் நீதிமன்றத்தில் வங்கி வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தது. மீதியை அவர் பதினெட்டுத் தவணைகளில் செலுத்தி முடித்தார். மனை மீண்டது. இரு வீட்டாருக்கும் இடையே பேச்சு மீள்வதற்கு இன்னும் சில பெருநாட்கள் ஆயின. ஐந்தாவது உறையை அன்றே பிரித்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது.

நிறைவாக நமது நிர்வாகக் குழுவினருக்கு இரு கோரிக்கைகள். மாதம் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, வீடுகளுக்கு வரும் வங்கி, நீதிமன்றக் கடிதங்களைப் படித்து விளக்கிச் சொல்ல நமது அலுவலகத்தில் ஏற்பாடு செய்யுங்கள். கட்டணமின்றி வந்து அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டாவது, ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர். நமது பைத்துல்மால் பட்டியலில் அவர்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். வெட்கத்தால் கேளாதிருக்கும் அவர்களை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.

கடன் சுமையிலிருந்து பாதுகாவல் தேடுமாறு நமக்குக் கற்றுத் தரப்பட்டுள்ளது. வல்ல இறைவன் நம் அனைவரையும், கடல் கடந்து உழைக்கும் நம் பிள்ளைகளையும் அச்சுமையிலிருந்து காப்பானாக. கடன்பட்டவர்களுக்கு அதைத் திருப்பிச் செலுத்தும் வழியையும் மனத்தையும் தருவானாக. ஆமீன்.